நெருப்புக் குதிரை, பராபவ, பெண் மூலம்: காலண்டர் நாளைச் சொல்லட்டும், தலையெழுத்தை விட்டுவிடட்டும்

மகா சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட ஊருக்கு வந்த கூட்டம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. சென்னை, கோவை, திருப்பூரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கத்துக் கிராமங்களுக்கு வந்தவர்கள், திரும்பிப் போக பஸ் ஏறி உட்கார்ந்து போனைத் திறந்தால் ரீல்ஸ் முழுக்கக் குதிரை ஓடுகிறது. “நீங்க பிறந்த வருஷத்துக்கு என்ன விலங்கு?”, “குதிரை ஆண்டில் கோடீஸ்வரர் ஆகப்போகும் நாலு பேர் யார்?” எல்லாம் பிப்ரவரி 17-ல் பிறந்த சீனப் புத்தாண்டின் உபயம்.

அதே பிப்ரவரி 17-க்கு வீட்டுச் சுவரில் தொங்கும் சிவகாசி தினசரி காலண்டரைக் கிழித்துப் பார்த்தால், ‘மாசி அமாவாசை’ என்றிருக்கும். இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயல் இல்லை. சீனர்களின் மாதம் அமாவாசையில்தான் பிறக்கும். வானத்தைப் பார்த்து நாள் குறித்ததில் சீனாவும் நம்மூரும் ஏறக்குறைய பங்காளிகள். அந்தக் கணக்கின் வாலில் பலன், தோஷம் என்று ஒட்டவைத்ததிலும் பங்காளிகள்தான். கணக்கு மனிதகுலத்தின் பெரிய சாதனை. வால் அப்படி இல்லை. அதற்கான விலையைப் பெரும்பாலும் பெண் பிள்ளைகள்தான் கொடுத்து வருகிறார்கள்.

சீனப் புத்தாண்டு ஏன் தேதி மாறுகிறது?

ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29½ நாள். பன்னிரண்டு மாதம் சேர்த்தால் 354 நாள். சூரியக் கணக்குக்கு 11 நாள் குறைகிறது. அதை அப்படியே விட்டால் பண்டிகை வருஷா வருஷம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ரம்ஜான் நோன்பு சில வருடம் கோடையிலும் சில வருடம் மழைக்காலத்திலும் வருவது இதனால்தான். இஸ்லாமிய நாட்காட்டி அந்த 11 நாளை ஈடுகட்டுவதில்லை.

சீனர்கள் ஈடுகட்டுகிறார்கள். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். 19 வருடத்தில் 7 முறை. அதனால் அவர்களது புத்தாண்டு எவ்வளவு நகர்ந்தாலும் ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவில் நின்றுவிடும். முழுக்க நிலாக் கணக்கும் இல்லை, முழுக்க சூரியக் கணக்கும் இல்லை. இரண்டையும் சமாதானப்படுத்தி வைத்த கணக்கு.

இந்தக் கணக்கு அருப்புக்கோட்டைக்குப் புதுசும் இல்லை. தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அவர்களின் யுகாதி, அமாவாசை முடிந்து பிரதமையில் பிறக்கும் புத்தாண்டு. இந்த வருடம் மார்ச் 19. அந்தப் பஞ்சாங்கத்திலும் சீனர்களைப் போலவே ‘அதிக மாதம்’ சேர்ப்பார்கள். 2026-ல் மே, ஜூனில் அப்படி ஒன்று வருகிறது. சித்திரை 1 மட்டும் சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவதை வைத்துக் கணக்கிடுவது. அதனால்தான் அது ஏப்ரல் 14-ஐ விட்டு அதிகம் நகர்வதில்லை. சந்திரனை வைத்து ஒரு புத்தாண்டு, சூரியனை வைத்து ஒன்று, ஆபீஸுக்கு ஜனவரி 1. ஒரே தெருவில் மூன்றும் நடக்கிறது.

சீனாவிலும் இதே கதைதான். 1912-ல் குடியரசு வந்தபோது அரசாங்கம் ஆங்கிலக் காலண்டருக்கு மாறியது. பழைய புத்தாண்டு ‘வசந்த விழா’ என்ற பெயரில் நிலைத்தது. பதினைந்தாம் நாள் பௌர்ணமியில் விளக்குத் திருவிழாவோடு கொண்டாட்டம் முடியும். அதையொட்டி நகரத்துத் தொழிலாளர்கள் மொத்தமாக ஊர் திரும்புவது, உலகத்திலேயே மிகப் பெரிய வருடாந்திர மக்கள் பயணமாகச் சொல்லப்படுகிறது. சிவராத்திரிக்கு முந்தின நாள் மதுரை மாட்டுத்தாவணியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை.

12 விலங்கு எப்படி 60 வருடம் ஆகிறது?

எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. வருடத்துக்கு ஒன்றாக 12 விலங்கு. வியட்நாமில் முயலுக்குப் பதில் பூனை. இதன் மேல் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்து பூதங்கள், ஒவ்வொன்றும் அடுத்தடுத்து இரண்டு வருடம். ஆக 10 வருடச் சக்கரம் ஒன்று, 12 வருடச் சக்கரம் ஒன்று. இரண்டும் ஒன்றாகச் சுழன்று, கிளம்பிய இடத்துக்கே சேர்ந்து வர 60 வருடம் ஆகும். 2024 மர டிராகன், 2025 மரப் பாம்பு, இப்போது பிறந்திருப்பது நெருப்புக் குதிரை. இதற்கு முன் இந்தப் பெயர் வந்தது 1966-ல்.

ரீல்ஸ் சொல்லாத ஒரு விஷயம்: ஜனவரியில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் விலங்கைத் தப்பாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1996 எலி ஆண்டு. ஆனால் அது பிப்ரவரி 19-ல்தான் பிறந்தது. அந்த வருடம் பொங்கல் நேரத்தில் பிறந்தவர், சீனக் கணக்குப்படி எலி அல்ல, பன்றி.

‘அறுபது’ என்றதும் தமிழ் வாசகருக்குப் பொறி தட்டியிருக்கும். பிரபவ முதல் அட்சய வரை நம்மூர் வருடப் பெயர்களும் அறுபதுதான். அறுபதாம் கல்யாணம் நடப்பதும், பிறந்த வருடத்தின் பெயர் திரும்ப வரும்போதுதான். வியாழன் கிரகம் வானத்தை ஒரு சுற்று வர ஏறக்குறைய 12 வருடம். ஐந்து சுற்றுக்கு 60. சீனர்களின் 12 வருடச் சக்கரத்துக்கும் வியாழனோடு பழைய தொடர்பு உண்டு. இரண்டு சக்கரத்துக்கும் நீளம் ஒன்றே என்பதால், சீனர்களின் நெருப்புக் குதிரை வரும் போதெல்லாம் தமிழ் வருடமும் ஒரே பெயரில்தான் பிறக்கும். 1906-ல் அப்படி. 1966-ல் அப்படி. வரும் சித்திரை 1-ல் பிறக்கப்போவதும் அதே ‘பராபவ’.

பராபவம் என்றால் தோல்வி, அவமானம். அங்கே பொல்லாத குதிரை, இங்கே தோல்வி என்று பெயர் கொண்ட வருடம். இரண்டும் போன முறை சேர்ந்து வந்தபோது என்ன நடந்தது என்பதற்கு ஆவணம் இருக்கிறது.

1966: ஜப்பானில் பிறக்காமல் போன குழந்தைகள்

ஜப்பான் 1873-லேயே ஆங்கிலக் காலண்டருக்கு மாறிவிட்டது. ஆனால் சீனாவிலிருந்து வந்த 60 வருடப் பெயர்களை மறக்கவில்லை. நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் அடங்காதவள், புருஷனை விழுங்கிவிடுவாள் என்று அங்கே ஒரு நம்பிக்கை. இதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். 1683-ல் இன்றைய டோக்கியோவில், காதலனை மறுபடி பார்க்கும் ஆசையில் ஊருக்குத் தீ வைத்ததாகக் காய்கறி வியாபாரியின் மகள் ஒருத்தி கொல்லப்பட்டாள். அவள் 1666 நெருப்புக் குதிரையில் பிறந்தவள் என்பது கதை. 1906-ல் பிறந்த பெண்கள் வளர்ந்தபோது வரன் அமையாமல் தவித்தார்கள். அதற்குப் பயந்து பிறந்த தேதியை மாற்றிப் பதிந்த பெற்றோர்களும் உண்டு.

1966-ல் ஜப்பான் ஒன்றும் பின்தங்கிய நாடு இல்லை. 1964-ல் ஒலிம்பிக் நடத்தி, புல்லட் ரயிலும் விட்டுவிட்டார்கள். ஆனாலும் 1965-ல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த பிறப்பு, 1966-ல் 13.6 லட்சத்துக்குச் சரிந்தது. நாலில் ஒரு பங்கு காணோம். 1967-ல் 19 லட்சத்தைத் தாண்டியது. வருடத்தின் பெயருக்குப் பயந்தே அத்தனை லட்சம் தம்பதிகள் குழந்தையைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். பையன் பிறந்தால் பிரச்சினையே இல்லை. பொண்ணு பிறந்துவிட்டால் யார் கட்டிக்கொள்வார்கள் என்ற பயம்தான்.

இதன் மறுபக்கம் டிராகன். அந்த ஆண்டில் பிள்ளை பிறந்தால் ராஜயோகம் என்பது சீனர்களின் நம்பிக்கை. சிங்கப்பூரில் 1987-ல் சுமார் 43,600 ஆக இருந்த பிறப்பு, டிராகன் ஆண்டான 1988-ல் சுமார் 53,000 ஆனது. ‘மூன்று பிள்ளையோ அதற்கு மேலோ பெறலாம்’ என்று அரசு 1987-ல் கொள்கையை மாற்றியதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் ஒரே வருடத்தில் இத்தனை பேர் பிறந்தால் பள்ளிக்கூட இடத்துக்கும் பிறகு வேலைக்கும் அத்தனை பேருடன் போட்டி போட வேண்டும். யோகம் என்று நினைத்துப் பெற்ற பிள்ளைக்கு வரிசைதான் நீளம்.

1966: விருதுநகரில் யாருக்குத் தோல்வி?

பராபவ ஆண்டு 1966 ஏப்ரலில் பிறந்து 1967 ஏப்ரலில் முடிந்தது. அதற்குள் 1967 பொதுத்தேர்தல் வந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் விருதுநகரில், சொந்த ஊரிலேயே காமராஜர் தோற்றார். ஜெயித்தவர் மாணவர் தலைவராக இருந்த பெ.சீனிவாசன். சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டை ஆண்டுவந்த காங்கிரஸ் ஆட்சியை இழந்தது.

“பாத்தீங்களா, பராபவன்னா தோல்வி. பேரு பலிச்சிருச்சு!” என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதே பராபவ ஆண்டு, அதே தேர்தல், தி.மு.க.வுக்கு அதுவரை கிடைத்திராத பெரிய வெற்றி. 1967 மார்ச்சில் அண்ணா முதலமைச்சர் ஆனார். அரிசிப் பஞ்சம், இந்தி எதிர்ப்புப் போராட்டம், கூட்டணிக் கணக்கு என்று அந்த முடிவுக்கு மண்ணில் காரணங்கள் இருந்தன. எந்தத் தேர்தலிலும் ஒருவர் ஜெயிக்க, ஒருவர் தோற்பார். எந்தப் பெயர் வைத்தாலும் அது யாரோ ஒருவருக்குப் பலித்துவிடும்.

மழைக்கும் இதுவே. இந்தியாவில் பருவமழை பெரிய அளவில் பொய்த்தது 1965, 1966 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம். அதில் 1966 பராபவ. ஆனால் 1965 விசுவாவசு. பெயரில் ஒரு குறையும் இல்லாத வருடம்.

பஞ்சாங்க மழை எப்படிக் கணக்கிடப்படுகிறது?

அறுபது வருடத்துக்கும் மழை, விளைச்சல் பலன் சொல்லும் வெண்பாக்கள் இடைக்காட்டுச் சித்தர் பெயரில் வழங்குகின்றன. அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் இடைக்காட்டூர், திருச்சுழிக்கு வடக்கே மானாமதுரைப் பக்கம். பன்னிரண்டு வருடப் பஞ்சம் வரப்போவதை முன்னமே தெரிந்துகொண்டு ஆடுகளுக்கு எருக்கிலை தின்னப் பழக்கினார். குருவரகைச் சேற்றில் குழைத்துச் சுவர் வைத்தார். பஞ்சத்தில் சுவரைத் தேய்த்து உதிர்ந்த தானியத்தில் உயிர் பிழைத்தார் என்பது கதை. கடைசியில், தன் குடிசையில் தூங்கிய நவக்கிரகங்களை இடம் மாற்றிப் படுக்கவைத்து மழையை வரவழைத்தாராம்.

மழையை மட்டும் நம்பியிருந்த மண்ணில் பிறந்த கதை அது. பாசனம் என்றால் இங்கே கண்மாய்தான். குண்டாற்றில் தண்ணீர் ஓடுவதே சில நாள். கரிசலில் போடும் சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து, பருத்தி, மல்லி எல்லாமே புரட்டாசி, ஐப்பசி மழையை எதிர்பார்த்து விதைப்பது. ஒரு வாரம் முந்தினாலும் பிந்தினாலும் விதைச் செலவு போச்சு. அப்படிப்பட்ட ஊரில் சித்திரை 1-ல் கோயிலில் பஞ்சாங்கம் வாசிக்கும்போது, “இந்த வருஷம் எத்தனை மரக்கால் மழை?” என்று காது கொடுத்துக் கேட்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஆனால் அந்த மரக்கால் எங்கிருந்து வருகிறது? பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு வருடத்துக்கும் ராஜா, மந்திரி, சேனாதிபதி, மேகாதிபதி என்று கிரகங்களுக்குப் பதவி உண்டு. மேகாதிபதிதான் மழைக்குப் பொறுப்பு. சூரியன் திருவாதிரை நட்சத்திரத்துக்குள் நுழையும் நாள் என்ன கிழமையோ, அந்தக் கிழமைக்கு உரிய கிரகம் மேகாதிபதி. திங்கள் என்றால் சந்திரன், செவ்வாய் என்றால் செவ்வாய். அதாவது, வருட மழைக்குப் பொறுப்பான அதிகாரியை நியமிப்பது ஒரு கிழமை. அந்தக் கிழமை சிரபுஞ்சிக்கும் திருச்சுழிக்கும் ஒன்றேதான். மழை ஒன்றாகப் பெய்வதில்லை.

இதே பஞ்சாங்கத்தில் கிரகணம் எத்தனை மணிக்கு என்று போட்டிருப்பதும் உண்டு. அது நிமிடக் கணக்கில் சரியாக இருக்கும். ஏனென்றால் அது கணக்கு. மழைப் பலன் அந்தக் கணக்கின் நம்பகத்தை இரவல் வாங்கிக்கொள்கிறது. சீனர்களும் இந்த இரண்டையும் கலந்துதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் விதைப்புக்கு அவர்கள் நம்பியது விலங்கை அல்ல, சூரியனின் பாதையை 24 ஆகப் பிரித்த பருவக் குறிப்புகளை. ‘தானிய மழை’ என்றே அதில் ஒரு பருவத்துக்குப் பெயர். நம்மூரில் அதற்கு நிகரானது ஆடிப்பட்டம், புரட்டாசிப் பட்டம் என்ற பட்டக் கணக்கு. மார்கழியில் மேகம் பார்த்துக் குறித்துவைக்கும் கர்ப்போட்டமாவது கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்வது. சரியா தப்பா என்று சோதித்துப் பார்க்கவாவது முடியும்.

குறை விவசாயியிடம் மட்டும் இல்லை. அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வானிலை மையத்தின் வேளாண் அறிக்கைகள் வருகின்றன. ஆனால் அவற்றை மாவட்ட அளவில் தயாரித்துக் கொடுக்க நாடு முழுவதும் அமைக்கப்பட்ட 199 வேளாண் வானிலைப் பிரிவுகளை 2024-ல் மத்திய அரசு மூடியது. ஒரு பக்கம் அறிவியல் சொல்லும் வாசலை மூடிவிட்டு, இன்னொரு பக்கம் “ஜனங்க இன்னும் பஞ்சாங்கத்தை நம்புறாங்க” என்று சிரிப்பதில் நியாயம் இல்லை.

ஏழில் ஒரு பொண்ணு

மழைப் பலன் பொய்த்தால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். பிறப்புப் பலன் அப்படி இல்லை. “ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்” என்ற சொலவடை தெரியாத வீடு குறைவு. மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மச்சினனுக்கு ஆகாது, விசாகம் இளைய மச்சினனுக்கு ஆகாது.

நட்சத்திரம் மொத்தம் 27. அதில் நாலை ஒதுக்கினால், ஏறக்குறைய ஏழு பெண்ணில் ஒருத்தி பிறக்கும்போதே கழிக்கப்படுகிறாள். செவ்வாய் தோஷத்தை எடுத்தால், லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 என்று ஐந்து வீடு. விதிவிலக்குகளைச் சேர்க்காவிட்டால், பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்குத் தோஷம். இத்தனை பேருக்கு ஒரே விதி என்றால் அது விதியாக இருக்க முடியாது. இது பெண்களைத் தரம் பிரிக்கும் சல்லடை. நெருப்புக் குதிரையைப் போலவே இந்தச் சல்லடையிலும் மூலத்தில் பிறந்த ஆண் மாட்டுவதில்லை. அவன் அரசாளப் போய்விடுகிறான்.

“ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம் என்பதுதான் மருவிவிட்டது” என்று பல ஜோதிடர்களே விளக்கம் சொல்கிறார்கள். அப்படியென்றால் வாய் தவறிய ஒரு சொல்லுக்காக எத்தனை தலைமுறைப் பெண்கள் “ஜாதகம் சரியில்லை” என்ற ஒற்றை வரியில் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள்? இன்று அந்த வரி வாட்ஸ்அப்பில் வருகிறது. மேட்ரிமோனி ஆப்பில் நட்சத்திரத்தை வைத்து வடிகட்ட ஒரு பட்டனே இருக்கிறது. 1906-ல் ஜப்பானியப் பெற்றோர் பிறந்த தேதியை மாற்றியதைப் போல, இங்கே பிறந்த நேரத்தை மாற்றி ஜாதகம் எழுதுவதும் ஊரறிந்த ரகசியம்.

“நம்பிக்கை அவரவர் விருப்பம், மனசுக்கு ஒரு தெம்பு” என்பார்கள். உண்மைதான். ராசிபலன் படித்துவிட்டு ஒருவர் பச்சைச் சட்டை போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் சீனர்களின் சிவப்பு உறையைப் பார்த்துத் தீபாவளிக்கும் வண்ண உறையில் பணம் வைத்துக் கொடுக்கப் பழகினார்கள். அதில் சந்தோஷம் மட்டும்தான் கைமாறியது. ஒருவரின் நம்பிக்கைக்கு இன்னொருவர் விலை கொடுக்கும்போதுதான் அது விருப்பம் என்ற எல்லையைத் தாண்டுகிறது.

பராபவ பிறக்கும்போது

சித்திரை 1-ல் தென்மாவட்டக் கரிசல் ஊர்கள் பலவற்றில் பொன்னேர் பூட்டுவார்கள். முதல் உழவு, ஊர்கூடிச் செய்வது. அதற்கு நாள் குறித்துக் கொடுப்பது காலண்டர். அந்த வேலையைச் சீனக் காலண்டரும் செய்கிறது, நம்முடையதும் செய்கிறது, இரண்டும் அழகாகச் செய்கின்றன. குதிரைப் படம் போட்ட ரீல்ஸைப் பார்த்து ரசிக்கலாம். பஞ்சாங்கம் வாசிப்பதைக் கேட்கலாம், பானகம் குடிக்கலாம்.

விதைக்கும் நாளுக்கு மட்டும் வானிலை அறிக்கையையும் மண்ணின் ஈரத்தையும் பார்க்க வேண்டும். வரன் பார்க்கும்போது, “நட்சத்திரம் என்ன?” என்ற கேள்வியைப் பையன் வீடே விட்டுவிட வேண்டும். அதைப் பெண் வீட்டால் விட முடியாது. சல்லடை அவர்கள் கையில் இல்லை. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் இன்றைய மாப்பிள்ளைகளுக்கு அம்மா அப்பாவிடம் இதைச் சொல்லும் தைரியம் இருக்க வேண்டும். “எனக்கு மூலம் பாக்க வேண்டாம்” என்று ஒரு மெசேஜ் போதும்.

வரும் ஏப்ரலுக்குப் பிறகு அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையில் பிறக்கும் பெண் குழந்தைகள், பராபவ வருடத்தில், நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்தவர்கள் ஆவார்கள். அவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருத்தி அந்த நாலு நட்சத்திரத்தில் ஒன்றில் பிறப்பாள். இருபத்தைந்து வருடம் கழித்து அவர்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி என்ன என்பதை எந்தக் கிரகமும் முடிவு செய்யப்போவதில்லை. இன்று கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் தலைமுறை முடிவு செய்யப்போகிறது.